சந்தியாகுவும் சாக்கோவும்: ஒரே பெயரின் இரண்டு வீடுகள்

கேள்வி: எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. நான் தூத்துக்குடிப் பக்கம், மனைவி கோட்டயம். என் தாத்தா பெயர் சந்தியாகு. மனைவியின் தாத்தா பெயர் சாக்கோ. இரண்டு வீட்டிலும் தங்கள் பெரியவர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நிற்கிறார்கள். பொதுவாக ‘ஜேம்ஸ்’ என்று வைத்துவிடு என்கிறார் சித்தப்பா. ‘ஜேக்கப்’ என்கிறார் மைத்துனர். யாக்கோபு வகைப் பெயரே வேண்டாம், அதற்கு எத்தன் என்று பொருள் என்கிறார் அத்தை. இதற்கிடையில் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவை எடுத்துப் பார்த்தோம். அதில் லத்தீனில் ‘யாகோபுஸ்’ என்று இருக்கிறது. அவர் கொழும்பில் வேலை பார்த்த காலத்துத் தாளிலோ ‘ஜேம்ஸ்’ என்று இருக்கிறது. ஒரே ஆள்தானா என்றே குழம்பிவிட்டோம். குழந்தைக்கு எந்தப் பெயரை வைப்பது? பழைய பதிவுகளை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்:

முதலில் ஒரு நல்ல செய்தி. உங்கள் தாத்தாவுக்கும் உங்கள் மனைவியின் தாத்தாவுக்கும் ஒரே பெயர். சந்தியாகு, சாக்கோ, ஜேம்ஸ், ஜேக்கப், யாகோபுஸ் ஆகிய ஐந்தும் யாக்கோபு என்ற ஒரே எபிரேயப் பெயரின் உருவங்கள். அந்தப் பெயர் கோட்டயத்துக்குக் கிழக்கு வழியாக வந்தது, உங்கள் ஊருக்கு மேற்கைச் சுற்றிக்கொண்டு கடல் வழியாக வந்தது. இரண்டு வீட்டாரும் இத்தனை நாள் ஒரே பெயருக்காக மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். இதை இரு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள்.

அடுத்து அத்தையின் கவலை. எபிரேயத்தில் இந்தப் பெயரின் வேர் மூன்று மெய்கள்: ஐன், கோஃப், பேத். ஐன் என்பது தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி. அரபியிலும் அதே எழுத்து உண்டு, குர்ஆன் ஓதுபவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த வேரிலிருந்து வரும் ‘ஆக்கேவ்’ என்ற சொல்லுக்குக் குதிகால் என்று பொருள். ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தில் இரட்டையரில் இளையவன் அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்ததால் அந்தப் பெயர் பெற்றான் என்று வருகிறது. 27ஆம் அதிகாரத்தில் ஆசீர்வாதத்தை இழந்த ஏசா, இவனுக்குப் பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள், என்னை இரண்டு முறை ஏய்த்துவிட்டான் என்று புலம்புகிறான். ‘எத்தன்’ என்ற விளக்கம் அங்கிருந்து வந்ததுதான். அது வயிறெரிந்த அண்ணன் செய்த சிலேடை. பெற்றவர்கள் அந்தப் பொருளை மனத்தில் வைத்துப் பெயரிடவில்லை.

மொழியறிஞர்களின் கணிப்பு வேறு திசையில் போகிறது. அந்தக் காலத்து மேற்காசியாவில் ‘யாக்குப் ஏல்’ என்ற வடிவில் முழுப்பெயர்கள் இருந்தன. ஏல் என்றால் இறைவன். எகிப்திய மன்னன் மூன்றாம் துத்மோஸ் கர்னாக் கோயிலில் பொறிக்கச் செய்த ஊர்ப்பட்டியலிலும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது, காலம் கி.மு. 15ஆம் நூற்றாண்டு. அந்த முழுப்பெயருக்கு ‘இறைவன் காப்பானாக’ என்று பொருள் கொள்கிறார்கள். பின்பாதி உதிர்ந்து நின்றதே யாக்கோபு. குதிகாலை ஒட்டிப் பின்னால் வருகிறவன் காவலுக்கு வருகிறவன்தானே? ஆகவே அத்தையிடம் தைரியமாகச் சொல்லலாம்: பெயரின் பழைய பொருள் காவல். குதிகால், பிற்காலத்தில் அந்தப் பெயருக்குச் சொல்லப்பட்ட காரணக் கதை.

இனி ஒரு பெயர் ஐந்தானது எப்படி என்று பார்ப்போம். கோளாறு தொடங்கும் இடம் கிரேக்கம். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களிடம் ஐன் ஒலிக்கு எழுத்து இல்லை. அதை விட்டுவிட்டு ‘இயாகோப்’ என்று எழுதினார்கள். அது ஏசாவின் தம்பியான பழைய முற்பிதாவின் பெயர் என்பதால் கிரேக்க விகுதி எதையும் ஒட்டவில்லை. பிறகு புதிய ஏற்பாடு எழுதப்பட்டபோது அதே பெயரைத் தாங்கிய சமகாலத்தவர்கள் பலர் இருந்தார்கள். செபதேயுவின் மகன் ஒருவர், அல்பேயுவின் மகன் ஒருவர், ஆண்டவரின் சகோதரர் எனப்பட்டவர் ஒருவர். இவர்கள் பெயருக்கு வேற்றுமை உருபு ஏற்றியாக வேண்டும். அதனால் ஆண்பால் விகுதி ஒட்டி ‘இயாகோபோஸ்’ என்று எழுதினார்கள். முற்பிதாவுக்கு ஒரு வடிவம், அப்போஸ்தலருக்கு, அதாவது இயேசுவின் சீடருக்கு, இன்னொரு வடிவம் என்ற பிளவு அங்கேதான் விழுந்தது. ஐரோப்பிய மொழிகள் பலவும் அந்தப் பிளவை அப்படியே எடுத்துக்கொண்டு அகலப்படுத்தின. ஆங்கிலத்தில் முற்பிதா ஜேக்கப், அப்போஸ்தலர் ஜேம்ஸ். இத்தாலியத்தில் ஜாக்கோபே, ஜாக்கோமோ. பிரெஞ்சில் ழாக்கோப், ழாக். இவற்றைத் தினமும் சொல்கிற பலருக்கு இரண்டும் ஒன்று என்பதே தெரியாது.

தமிழ் அப்படிப் பிரிக்கவில்லை. நம் வேதாகமத்தில் ஈசாக்கின் மகனும் யாக்கோபு, செபதேயுவின் மகனும் யாக்கோபு, நிருபம் எழுதியவரும் யாக்கோபு. அரபி, சுரியானி, போலிஷ் மொழிகளிலும் இப்படியே ஒரே பெயர்தான். ஆங்கில பைபிளை மட்டும் படித்தவர் தவறவிடுவதைத் தமிழ் வாசகர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார். நமக்குக் கிடைத்த பெரிய வசதி இது.

லத்தீனில் அது ‘யாகோபுஸ்’. உங்கள் தாத்தாவின் பதிவில் நீங்கள் பார்த்தது இந்த வடிவம். பேச்சு லத்தீனில் இதன் நடுவில் இருந்த ப, ம ஆயிற்று. இரண்டும் உதடு ஒட்டிப் பிறக்கும் எழுத்துகள், ஒன்று மற்றொன்றாக வழுக்குவது எளிது. அப்படி ‘யாகோமுஸ்’ பிறந்தது. அழுத்தம் முதல் அசையில் விழுந்ததால் நடு அசை தேய்ந்தது. பழைய பிரெஞ்சில் ‘ஜேம்ஸ்’ வகை வடிவம் உருவாகி, நார்மானியரோடு இங்கிலாந்துக்குப் போனது. கடைசியில் நிற்கும் ஸ், பழைய லத்தீன் விகுதியின் மிச்சம்.

அப்படியானால் ‘யா’ எங்கே ‘ஜே’ ஆனது? லத்தீனில் ஐ என்ற எழுத்தே உயிராகவும் ய என்ற மெய்யாகவும் வேலை செய்தது. பேச்சில் அந்த ய பல மொழிகளில் ஜ ஆக இறுகிவிட்டது. ஆனால் எழுத்து மாறவில்லை. 1611இல் ஜேம்ஸ் மன்னரின் ஆணைப்படி வெளியான ஆங்கில பைபிளின் முதல் பதிப்பிலேயே ஜே என்ற எழுத்து தனியாக நிலைபெறவில்லை. ஜேம்ஸ், ஜேக்கப் இரண்டும் ஐ எழுத்தில் தொடங்கித்தான் அச்சாயின. அந்த மன்னரின் பெயர் லத்தீனில் யாகோபுஸ் என்பதால் அவர் காலத்தை ஆங்கிலத்தில் ‘ஜேக்கபியன்’ காலம் என்கிறார்கள். 1688இல் அரியணை இழந்த அவருடைய பேரன் இரண்டாம் ஜேம்ஸின் ஆதரவாளர்களுக்கு ‘ஜேக்கபைட்’ என்று பெயர். ஜேம்ஸுக்கும் ஜேக்கபுக்கும் உறவு உண்டா என்று உங்கள் மைத்துனர் கேட்டால் இந்த இரண்டு சொற்களே போதுமான சாட்சி.

ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் நடந்ததைத் தமிழர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். அந்த மொழியில் ஜ ஒலி இல்லாததால் ஜேம்ஸ் ‘ஷேமஸ்’ ஆயிற்று. அந்த மொழியிலும் நம் எட்டாம் வேற்றுமை போல விளிவேற்றுமை உண்டு. கூப்பிடும்போது முதல் மெய் மெலிந்து ‘அ ஹேமிஷ்’ என்று ஒலிக்கும். அதைக் கேட்ட ஆங்கிலேயர்கள் ‘ஹேமிஷ்’ என்பதையே பெயராக எழுதிக்கொண்டார்கள். வீட்டில் ‘கண்ணா’ என்று கூப்பிடக் கேட்டவர், பையன் பெயரே கண்ணா என்று பதிவேட்டில் எழுதியது மாதிரி. இன்று ஹேமிஷ் ஒரு தனிப்பெயர். நியூசிலாந்தின் மாவோரி மொழியில் ஜவும் இல்லை, ஸவும் இல்லை, அங்கே ஜேம்ஸ் ‘ஹேமி’. அர்மீனிய மொழியில் சொல்லின் முதலில் இருந்த ய ஒலி ஹ ஆக மாறியதால் யாக்கோபு அங்கே ‘ஹாகோப்’. ஹகோப்யான் என்ற குடும்பப்பெயரைக் கேட்டிருந்தால் அது யாக்கோபின் வழிவந்தவர் என்று பொருள்படும்.

உங்கள் தாத்தாவின் பெயருக்கு வருவோம். அது ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் வழியாக வந்தது. அந்தத் தீபகற்பத்தில் யாகோபுஸின் நடு க, ‘க்’ ஒலியிலிருந்து ‘யோகம்’ என்பதில் வருவது போன்ற மெல்லிய ‘g’ ஒலியாக இளகியது. பின்னால் இருந்த ப உதிர்ந்தது. மிஞ்சியது ‘இயாகோ’. செபதேயுவின் மகனின் கல்லறை வடமேற்கு ஸ்பெயினில் இருக்கிறது என்ற நம்பிக்கை ஒன்பதாம் நூற்றாண்டில் பரவி, அந்த இடம் பெரிய திருத்தலமாயிற்று. புனிதர் என்பதற்கான ‘சாந்த்’ முன்னால் சேர்ந்து, சாந்த் இயாகோ ‘சாந்தியாகோ’ என்று ஒட்டிவிட்டது. அதாவது உங்கள் தாத்தாவின் பெயருக்குள்ளேயே ‘புனித’ என்ற அடைமொழி ஒளிந்திருக்கிறது. சந்தியாகப்பர் என்று சொல்லும்போது முன்னால் புனிதமும் பின்னால் நம் அப்பரும் சேர்ந்து நடுவில் யாக்கோபு நிற்கிறார். மக்கள் பிறகு அந்தச் சொல்லை வேறு இடத்தில் வெட்டி, சான் தியாகோ என்று படித்தார்கள். புனிதருக்கு உரிய த பெயரோடு ஒட்டிக்கொண்டு ‘தியாகோ’ என்ற புதுப்பெயர் பிறந்தது. போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் இன்று மிகச் சாதாரணமாகக் கேட்கும் பெயர் அது. 1541இல் நிறுவப்பட்ட சிலி நாட்டுத் தலைநகர் சாந்தியாகோவுக்கும் இந்தப் புனிதரின் பெயர்தான்.

பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் போர்ச்சுகீசியர் நம் முத்துக்குளித்துறையில் ஊன்றிவிட்டார்கள். பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்தது 1542இல். அவர்களோடு வந்த பெயர்களைத் தமிழர்கள் இரண்டு விதமாக ஏற்றுக்கொண்டார்கள். சிலவற்றைப் பொருள் பார்த்துப் பெயர்த்தார்கள். பவுல் என்பதற்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் இறைவனின் அருள், ஆகவே அருளப்பர். சிலவற்றை ஒலியோடே வாங்கினார்கள்: சவேரியார், இன்னாசியார், சந்தியாகு.

அது ஆங்கிலேயர் வழியாக வராமல் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது என்பதற்குப் பெயருக்குள்ளேயே அடையாளம் இருக்கிறது. நடுவில் வரும் ‘ந்தி’யைப் பாருங்கள். போர்ச்சுகீசிய த, நாக்கு பல்லைத் தொட்டுப் பிறப்பது. தமிழ்க் காதுக்கு அது த ஆகவே விழும். ஆங்கில ட, மேலண்ணத்தை நோக்கிப் போவதால் நமக்கு ட ஆக விழும். ஈரம் துடைக்கும் துணிக்குப் போர்ச்சுகீசியரிடம் வாங்கிய சொல் துவாலை, ஆங்கிலேயரிடம் வாங்கிய சொல் டவல். சொல்லுக்குள் இருக்கும் எழுத்தே யார் கொடுத்தது என்று சொல்லிவிடும். சந்தியாகு, துவாலை இனத்தைச் சேர்ந்தது. கடைசி உகரத்துக்கும் காரணம் உண்டு. போர்ச்சுகீசியப் பேச்சில் சொல்லின் இறுதியில் அழுத்தமில்லாமல் வரும் ஓ, உ ஆகத் தேயும். தமிழ் அதை உள்ளபடி எழுதிக்கொண்டது.

ஒரே அப்போஸ்தலருக்குப் பாக் நீரிணையின் இந்தக் கரையில் ஒரு பெயர், அந்தக் கரையில் இன்னொரு பெயர். ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தை அடுத்த வேர்க்காட்டில் அவர் சந்தியாகப்பர். யாழ்ப்பாணம் குருநகரில் அவர் யாகப்பர். யாகப்பன் என்ற பெயர் தமிழ்நாட்டு உள்மாவட்டங்களிலும் உண்டு. பதிவு தேடும்போது இதையும் மறக்க வேண்டாம். குறிப்பாக உங்கள் தாத்தாவுக்கு இலங்கைத் தொடர்பு இருப்பதால் அங்குள்ள தமிழ்ப் பதிவுகளில் அவர் யாகப்பர் என்றோ யாகப்பு என்றோ ஏறியிருக்கலாம்.

கோட்டயத்துச் சாக்கோவின் வழி இதைவிடப் பழையது, நேரானதும்கூட. கேரளத்தின் மார்த்தோமா கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழி சுரியானி. அது எபிரேயத்துக்கு நெருங்கிய உறவு. அங்கே இந்தப் பெயர் ‘யாக்கூப்’, ஐன் ஒலி உட்பட முழுசாக. கிரேக்கமும் லத்தீனும் நடுவில் புகவே இல்லை. மலையாளத்தில் அது யாக்கோபு, பேச்சில் பின்பாதி உதிர்ந்து முன்னெழுத்து திரிந்து சாக்கோ. அங்குள்ள யாக்கோபாயா சபையின் பெயரும் இதே பெயரின் கிளைதான். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த யாக்கோபு புர்தானா என்ற சுரியானி ஆயரிடமிருந்து வந்தது. அரபியிலும் யஃகூப், யூசுப் நபியின் தந்தை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் யாகூப். சித்தர் மரபில் இராமதேவர் மக்கா சென்று யாக்கோபு என்று பெயர் கொண்டதாகச் சொல்வார்கள், அந்தப் பெயரிலேயே மருத்துவ நூல்களும் வழங்குகின்றன. ஆக, மூன்று சமயத்தாரின் வாயிலும் தமிழில் புழங்கும் பெயர் இது.

பெயர் தேடுகிறவர்கள் வழக்கமாக இடறும் இடங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாக் என்ற ஆங்கிலப் பெயர் இந்தக் குடும்பம் இல்லை. அது ஜான் என்பதன் செல்லப்பெயர், ஜாங்கின் என்ற பழைய வடிவத்திலிருந்து திரிந்தது. பிரெஞ்சு ழாக் போல ஒலிப்பதால் மயக்கம். கொழும்புத் தாளில் எங்காவது ஜாக் என்று இருந்தால் அது உங்கள் தாத்தா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து டியேகோ. இதைத் தியாகோவின் திரிபு என்று பலர் எழுதுவார்கள். ஆனால் இடைக்கால ஆவணங்களில் இதற்கு திதாகுஸ் என்ற வேறு லத்தீன் வடிவம் இருக்கிறது, அறிஞர்களிடையே வழக்கு தீரவில்லை. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரமும் அப்போஸ்தலரின் பெயர் கொண்டதல்ல, அல்கலா ஊரைச் சேர்ந்த திதாகுஸ் என்ற வேறொரு புனிதருக்குரியது. மூன்றாவது, சந்தியா என்ற பெண்பெயர். அது அந்திப்பொழுதைக் குறிக்கும் வடசொல். சந்தியாகுவோடு அதற்கு எழுத்து ஒற்றுமை தவிர எந்த உறவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சொல்லைப் போல ‘dh’ போட்டு எழுதினால் பெயரின் வரலாறே மாறிப் படிக்கப்படும்.

இனி பதிவேட்டுக்கு வருவோம். லத்தீனும் தமிழைப் போலப் பெயரின் இறுதியில் உருபு ஏற்றும் மொழி. அதனால் ஒரே ஆளின் பெயர் ஒரே பக்கத்தில் நான்கு விதமாக இருக்கும். யாகோபுஸ் என்றால் எழுவாய். யாகோபி என்றால் ‘யாக்கோபுடைய’. யாகோபும் என்றால் ‘யாக்கோபை’. யாகோபோ என்றால் ‘யாக்கோபுக்கு’ அல்லது ‘யாக்கோபால்’. தமிழ்க் கண்ணுக்கு யாகோபும் என்பது ‘யாக்கோபும் இன்னொருவரும்’ என்று தோன்றும். அங்கே அந்த உம் நம் இரண்டாம் வேற்றுமை ஐ செய்யும் வேலையைச் செய்கிறது.

வழக்கமான வாசகம் இப்படி இருக்கும்: ‘பாப்திசாவி யாகோபும், ஃபீலியும் பேத்ரி எத் மரியே.’ பேதுருவுக்கும் மரியாளுக்கும் மகனான யாக்கோபுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்பது பொருள். இதில் யாகோபும் குழந்தை, பேத்ரி தகப்பன். அதே பக்கத்தில் வேறொரு வரியில் ‘ஃபீலியும் யாகோபி’ என்று வந்தால் அங்கே யாக்கோபு தகப்பன், குழந்தை வேறு யாரோ. பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். குடும்பத்தார் பக்கத்தில் யாகோபு என்ற எழுத்துகளைக் கண்டதும் மகிழ்ந்து நகல் வாங்கிவிடுவார்கள், பிறகு பார்த்தால் ஒரு தலைமுறை தள்ளியிருக்கும். ஆகவே பெயரின் கடைசி எழுத்தை முதலில் பாருங்கள். பத்ரீனுஸ் என்ற சொல்லுக்கு அருகில் இருப்பவர் ஞானத்தகப்பன், மத்ரீனா ஞானத்தாய். இடம் போதாத ஏடுகளில் பெயரைச் சுருக்கியும் எழுதுவார்கள். ஜே, ஏ, சி என்று சுருக்கியிருந்தால் யாகோபுஸ். ஜே, ஓ என்று தொடங்கினால் அது யோவானின் லத்தீன் வடிவமான யோவான்னெஸாக இருக்கும், இல்லையென்றால் சூசையின் வடிவமான யோசேபுஸாக இருக்கும். மங்கிய மையில் ஏவும் ஓவும் ஒன்று போலத் தெரியும், ஆகவே அதே கையெழுத்தில் உள்ள வேறு சொற்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தேதியும் உதவும். பிறந்த நாளுக்கு அருகில் வரும் புனிதரின் பெயரை வைக்கும் வழக்கம் கத்தோலிக்கரிடையே பரவலாக இருந்தது. செபதேயுவின் மகனின் திருநாள் ஜூலை 25. தாத்தா ஜூலை இரண்டாம் பாதியில் பிறந்திருந்தால் அவர் சந்தியாகு ஆனதற்கான காரணம் பெரும்பாலும் அதுவே. அல்பேயுவின் மகனின் திருநாள் முன்பு மே 1. 1955இல் அது மே 11க்கு மாறியது, 1969 முதல் மே 3. பழைய பதிவில் மே மாதத் தொடக்கத்துத் தேதி இருந்தால் இவரை நினையுங்கள்.

யாகோபுஸ், சந்தியாகு, ஜேம்ஸ் ஒரே ஆளா என்ற கேள்விக்குப் பெயரை மட்டும் வைத்து விடை சொல்லக் கூடாது. பெயர் ஒத்துப்போகிறது என்பது கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான். ஒரே கரையோர ஊரில் ஒரே பத்தாண்டில் ஐந்தாறு சந்தியாகுகள் பிறந்திருக்கலாம். பதிவு ஒவ்வொன்றிலும் தகப்பன் பெயர், தாய் பெயர், குடும்பப்பெயர், ஊர், பிறந்த தேதி என்ற ஐந்தையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். லத்தீன் பதிவில் தகப்பன் பெத்ருஸ் என்றும், தமிழ்க் கல்யாணப் பதிவில் இராயப்பன் என்றும், கொழும்புத் தாளில் பீட்டர் என்றும் இருந்தால் அது முரண்பாடு ஆகாது, மூன்றும் பேதுருதான். தகப்பன் பெயரும் மகன் பெயரும் இப்படி ஒரே முறையில் மொழி மாறியிருந்தால் அது வலுவான ஆதாரம். தகப்பன் ஒன்றில் பெத்ருஸ், இன்னொன்றில் பால் என்று இருந்தால் அங்கே நின்றுவிடுங்கள், அது வேறு குடும்பம். ஐந்தில் தாய் பெயரும் ஊரும் உட்பட குறைந்தது நான்கு ஒத்தால் நம்பலாம்.

திருமணப் பதிவை விடவே விடாதீர்கள். பிறந்த ஊரில் வைத்த பெயரும் பிறகு புழங்கிய பெயரும் சந்திக்கும் இடம் அதுதான். நிலப்பத்திரங்களில் ‘சந்தியாகு என்கிற ஜேம்ஸ்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. அப்படி ஒரு ‘என்கிற’ கிடைத்துவிட்டால் உங்கள் குழப்பம் அன்றைக்கே தீர்ந்தது. கிடைக்காமல், சொத்து அல்லது ஓய்வூதியம் போன்ற காரியத்துக்குத் தேவைப்பட்டால், இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதி, மேற்சொன்ன பதிவுகளின் நகல்களை இணைப்பது நடைமுறை. பங்குத்தந்தையிடம் நகல் வாங்கும்போது மூலத்தில் உள்ள லத்தீன் வடிவத்தை அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் அக்கறையாக யாகோபுஸை ஜேம்ஸ் என்று மாற்றித் தந்தால், சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்த மாதிரி ஆகிவிடும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்துக்குப் பிறகு கத்தோலிக்க வழக்கிலும் யாக்கோபு என்ற வடிவமே பரவியிருக்கிறது. அதனால் அண்மையில் எழுதப்பட்ட நகல்களில் சந்தியாகு யாக்கோபாக மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

குழந்தைக்கு என்ன வைப்பது? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஜேம்ஸ் வேண்டாம். அழகான பெயர்தான், ஆனால் இரண்டு பெரியவர்களும் வீட்டில் கேட்டு வளர்ந்த பெயர் அது இல்லை. கொழும்புத் தாளில் அது ஏறியது அலுவலக வசதிக்காக இருக்கலாம். ஜேக்கபும் அப்படியே. சந்தியாகு என்ற பெயரைப் புதிதாக வைப்பவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். நானூறு ஆண்டுக்கு மேல் கடற்கரையில் புழங்கித் தமிழாகவே ஆகிவிட்ட பெயர் அது. பிறப்புச் சான்றிதழில் சந்தியாகு என்று பதியுங்கள். சுரியானிக் கிறிஸ்தவர்களிடையே ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று என்று இருப்பது வழக்கம். ஆகவே ஞானஸ்நானத்தில் யாக்கோபு என்று கொடுங்கள். கோட்டயத்தார் சாக்கோ என்று கூப்பிடட்டும். மூன்றும் ஒன்றே என்பதால் யாரும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

ஆங்கில எழுத்துக்கூட்டலை இன்றே முடிவு செய்யுங்கள். இரண்டு வழி. ஸ்பானிய முறைப்படி எஸ், ஏ, என், டி, ஐ, ஏ, ஜி, ஓ என்று எழுதினால் உலகில் எங்கு போனாலும் அறிந்த பெயராக இருக்கும். ஆனால் நம் பள்ளியிலேயே ஆசிரியர் ‘சாண்டியாகோ’ என்று படிப்பார். தமிழ் ஒலிப்படி ‘t’ எழுத்துக்குப் பின் எச் (‘th’), நடுவில் ஒய், கடைசியில் யு போட்டு எழுதினால் இங்கே சரியாகப் படிப்பார்கள், வெளிநாட்டில் ஒரு முறை விளக்க வேண்டியிருக்கும். நான் இரண்டாவதைச் சொல்வேன். பெயரின் தமிழ் வரலாறு அந்த எச் எழுத்திலும் யு எழுத்திலும்தான் இருக்கிறது. எதைத் தேர்ந்தாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு நான்கிலும் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. தாத்தாவின் தாள்களில் நீங்கள் படும் பாட்டை உங்கள் மகனும் படக் கூடாது.

பிறப்பு பதிவாகிப் பெயர் மட்டும் விடுபட்டிருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஒரு முறை ஏறிய பெயரை மாற்றுவது பெரும்பாடு. உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. விண்ணப்பத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டு கட்டங்களையும் நீங்களே கைப்பட நிரப்புங்கள். கணினியில் ஏற்றியதும் திரையில் ஒரு முறை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ‘ந்தி’ ‘ண்டி’ ஆகியிருக்கிறதா என்று மட்டும் இரண்டாவது தடவையும் பாருங்கள்.